இரண்டங்குல இடைவெளி: பஸ்டர் கீட்டன் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் ஊமைப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டன. மற்ற கேள்விகள் அடுத்த இதழில்.

புயலில் ஒரு வீட்டின் முன்சுவர் அப்படியே பெயர்ந்து கீட்டன் மேல் விழுகிறது. மாடி ஜன்னல் திறந்திருந்ததால் அதன் வழியே தப்பி, அசையாமல் நிற்கிறார். செல்போனில் இந்தத் துண்டை மட்டும் பார்த்தேன். அட்டைச் சுவரா? இரண்டு காட்சிகளை ஒட்டியதா? (சிவில் படிக்கும் மாணவர், ஓசூர்)

அட்டையும் இல்லை, ஒட்டும் இல்லை. சுவரின் எடை ஏறத்தாழ இரண்டு டன். படம் 1928-இல் வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்'. சாக்ரமெண்டோ நகருக்கு எதிர்க்கரையில் செட் போட்டு எடுத்தார்கள். நீங்கள் சிவில் படிப்பவர் என்பதால் விவரமாகவே சொல்லிவிடுகிறோம்.

முதலில் கட்டியது சுவரின் சட்டகத்தை மட்டும்தான். அடியில் கனமான கீல்கள். சாதாரண வீட்டில் மாடி ஜன்னல் சுமார் 12 அடி உயரத்தில் வரும். இங்கே கூரையை உயரமான கூம்பாக வைத்து, ஜன்னலைச் சுமார் 18 அடிக்கு ஏற்றினார்கள். அதனால் கீட்டன் வீட்டை விட்டு நன்றாகத் தள்ளி நிற்க முடிந்தது, சுவர் விழுகிற வீச்சும் பெரிதாகத் தெரிந்தது. பிறகு சட்டகத்தைக் கீழே படுக்க வைத்து, அவரை நிறுத்தி, அவரைச் சுற்றி ஜன்னலைக் கட்டினார்கள். தோள்களுக்கு இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம், தலைக்கு இரண்டு அங்குலம், குதிகாலுக்கு இரண்டு அங்குலம். அவ்வளவுதான் இடைவெளி. குதிகால்கள் இருக்க வேண்டிய இடத்தில் தரையில் பெரிய ஆணிகளை அடித்துவிட்டு, சட்டகத்தை மறுபடி நிமிர்த்தி, பலகை அடித்து வர்ணம் பூசினார்கள்.

அத்தனை கனம் எதற்கு என்றால், லேசான சுவர் விழும்போது நெளியும். நெளிந்தால் ஜன்னல் எங்கே வந்து இறங்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. கனமான, இறுக்கமான சுவர் கீலைச் சுற்றி ஒரே வட்டத்தில் வரும். இன்னொரு வில்லங்கம் காற்று. லிபர்ட்டி ரக விமான எஞ்சின் பொருத்திய ஆறு காற்று எந்திரங்களை வைத்திருந்தார்கள். லாரியையே சாலையிலிருந்து தூக்கிவிடும் வேகம். அந்தக் காற்று முன்னாலும் பின்னாலும் தூசியைக் கிளப்ப வேண்டும், ஆனால் விழுகிற சுவரின் முகத்தில் மட்டும் படக் கூடாது. பட்டால் சுவர் முறுக்கிக்கொள்ளும். எடுத்தது ஒரே டேக். படப்பிடிப்பில் இருந்தவர்களில் சிலர் பார்க்கத் துணிவில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஆனால் இது திடீர்த் துணிச்சல் இல்லை. 1919-இல் நகைச்சுவை நடிகர் ரோஸ்கோ ஆர்பக்கிளோடு நடித்த 'பேக் ஸ்டேஜ்' படத்தில் மெல்லிய நாடகத் தட்டி ஒன்றை வைத்து இதே விளையாட்டைச் செய்தார்கள். 1920-இல் 'ஒன் வீக்' குறும்படத்தில் கொஞ்சம் பெரிய சுவர். இரண்டு டன் மூன்றாவது சுற்று. 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் முதலில் திட்டமிட்டது புயலும் இல்லை, வெள்ளம். 1927-இல் மிசிசிப்பி ஆற்றில் நிஜமாகவே பெருவெள்ளம் வந்து பேரழிவானதால், வெள்ளத்தை வைத்துச் சிரிக்க வைக்கக் கூடாது என்று புயலாக மாற்றினார்கள்.

'பஸ்டர்' சொந்தப் பெயரா? (வாசகி, காரைக்குடி)

இல்லை. ஜோசப் ஃபிராங்க் கீட்டன். 1895 அக்டோபர் 4, கன்சாஸ் மாநிலத்தில் பிக்வா என்ற சிற்றூர். கைக்குழந்தையாகப் படிக்கட்டில் உருண்டும் அடிபடாமல் எழுந்ததைப் பார்த்து மாயவித்தைக்காரர் ஹூடினி வைத்த பெயர் என்று குடும்பத்தில் சொல்லிவந்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் அதை அப்படியே நம்புவதில்லை.

சிரிக்கவே மாட்டார் என்கிறார்களே, சுபாவமே அப்படியா? அத்தனை விழுதலை எங்கே கற்றார்? (தமிழாசிரியர், விருதுநகர்)

இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது: அப்பா ஜோ, அம்மா மைரா நடத்திய மேடை நிகழ்ச்சி. 'மூன்று கீட்டன்கள்' என்று விளம்பரம். குறும்புக்காரப் பையனை அப்பா அடக்குவதுதான் மொத்த நிகழ்ச்சியும். பையனைத் தூக்கித் திரைச்சீலை மேல் எறிவார், இசைக்குழு உட்கார்ந்திருக்கும் பள்ளத்தில் எறிவார். பிடித்து வீச வசதியாகப் பையனின் சட்டை முதுகில் ஒரு பெட்டியின் கைப்பிடியைத் தைத்திருந்தார்கள்.

எறிபட்ட பையன் தானும் சிரித்தால் கூட்டம் அவ்வளவாகச் சிரிப்பதில்லை, முகத்தை அசைக்காமல் எழுந்து நின்றால் கொட்டகை அதிர்கிறது என்பதைச் சின்ன வயதிலேயே கண்டுகொண்டார். அதிலிருந்து அந்த முகம்தான். வெளியில் சாதாரணமாகச் சிரிக்கிறவர். சந்தேகம் இருந்தால் 1917-இல் வந்த 'கோனி ஐலண்ட்' குறும்படத்தைப் பாருங்கள், வாய்விட்டுச் சிரிப்பார். பார்க்கவே வேறு யாரோ மாதிரி இருக்கும்.

விழும் வித்தைக்கு அவரே சொன்ன விளக்கம் இது: உடம்பைத் தளர்த்திவிட வேண்டும், தரையைத் தொடும் முன் ஒரு கையோ காலோ முதலில் பட்டு வேகத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். விறைத்துக்கொண்டு விழுந்தால் எலும்பு போகும். கேட்க எளிது. எலும்பு முற்றாத வயதில் தொடங்கி வருடக்கணக்காகத் தினமும் விழுந்தவருக்கு அது அனிச்சை. வாசகர்கள் மொட்டை மாடியில் முயன்று பார்க்க வேண்டாம்.

குழந்தையை இப்படி வதைக்கலாமா என்று அப்போதே கேட்டார்கள். நியூயார்க்கில் குழந்தைகள் பாதுகாப்புச் சங்கம் விடாமல் துரத்தியது. சட்டத்தில் குழந்தைகள் கம்பி மேல் நடக்கக் கூடாது, கழைக்கூத்து ஆடக் கூடாது என்றெல்லாம் இருந்ததே தவிர, அப்பா மகனைத் தூக்கி எறியக் கூடாது என்று இல்லை. அந்த ஓட்டையில்தான் குடும்பம் பிழைத்தது. அப்பாவுக்குக் குடி அதிகமாகி, எறிகிற கை தடுமாறத் தொடங்கியதும் 1917 தொடக்கத்தில் நிகழ்ச்சி நின்றது. அதே ஆண்டு நியூயார்க்கில் ரோஸ்கோ ஆர்பக்கிளைச் சந்தித்து 'தி புட்சர் பாய்' படத்தில் நடித்தார். அன்று அவரை அதிகம் ஈர்த்தது நடிப்பு இல்லை, கேமரா. ஒன்றைக் கேட்டு வாங்கிப்போய்ப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் ஓய்ந்தார்.

ஒரே சட்டத்தில் (ஃபிரேமில்) ஒன்பது கீட்டன்கள் தோன்றும் காட்சியைக் கணினி இல்லாத காலத்தில் எப்படி எடுத்தார்கள்? (திரைப்படக் கல்லூரி மாணவி, சென்னை)

1921-இல் வந்த 'தி பிளேஹவுஸ்'. லென்சுக்கு முன்னால் ஒளி புகாத ஒரு பெட்டி, அதில் ஒன்பது செங்குத்துப் பட்டைகள், ஒவ்வொன்றும் தனித்தனியாகத் திறக்கும். முதல் பட்டையை மட்டும் திறந்து ஓரத்தில் நிற்கும் கீட்டனை எடுப்பது. அதை மூடி, பிலிமை ஆரம்பத்துக்கே பின்னோக்கிச் சுற்றி, இரண்டாவதைத் திறப்பது. இப்படி ஒரே பிலிம் ஒன்பது முறை கேமராவுக்குள் போய் வந்தது.

கஷ்டம் எங்கே என்றால், அன்றைய கேமராவைக் கையால் சுழற்ற வேண்டும். ஒன்பது தடவையும் சுழற்றும் வேகம் ஒன்றாக இருக்க வேண்டும். ஏழாவது ஓட்டத்தில் கை கொஞ்சம் பிசகினால் முந்தைய ஆறும் சேர்ந்து குப்பைக்குப் போகும். சுழற்றியவர் எல்ஜின் லெஸ்லி. கடிகாரக் கை என்று பெயர் வாங்கிய மனிதர். கீட்டன் தன் பங்குக்கு, சீராகத் தட்டும் மெட்ரோனோம் கருவிக்கு ஒத்து பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை வாசிக்க வைத்து நடித்தார். ஒன்பது பேரின் அசைவும் ஒன்றாகப் பொருந்துகிறது.

எஞ்சின் சக்கரங்களை இணைக்கும் சைடு ராடில் அவர் உட்கார்ந்திருக்க, வண்டி புறப்பட்டு அவரைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டே போகிறது. நீராவி எஞ்சினோடு வேலை பார்த்தவனுக்கு அது வயிற்றைக் கலக்கும் காட்சி. நிஜ எஞ்சின்தானா? (பொன்மலைப் பணிமனையில் ஓய்வுபெற்றவர், திருச்சி)

நிஜ எஞ்சின்தான் ஐயா. உங்களுக்குக் கலக்கியது போலவே அதை ஓட்டியவருக்கும் கலக்கியது. நீராவியை விடும் ரெகுலேட்டரை மெல்லத் திறந்தால் சக்கரம் பிடிப்போடு உருளும். ஒரு இழை அதிகம் திறந்துவிட்டால் சக்கரம் தண்டவாளத்தில் பிடிக்காமல் சர்ரென்று சுழலும், அது உங்களுக்குத் தெரியாததில்லை. அப்படிச் சுழன்றிருந்தால் ராடில் உட்கார்ந்தவரின் கதி அதோடு முடிந்திருக்கும். சோகத்தில் இருக்கும் நாயகன் வண்டி நகர்வதையே கவனிக்கவில்லை என்பதுதான் நகைச்சுவை. ஆகவே அவர் எதையும் பிடித்துக்கொள்ளவும் முடியாது.

படம் 'தி ஜெனரல்' (1926). அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1862-இல் நடந்த ஒரு ரயில் கடத்தலை ஒட்டிய கதை. பழைய பாணித் தண்டவாளம் தேடி ஒரேகான் மாநிலத்தின் காட்டேஜ் குரோவுக்குப் போனார்கள். அங்கே மரம் ஏற்றும் ரயில்பாதைகள் இருந்தன. விறகு எரிக்கும் எஞ்சின்களிலிருந்து பறந்த பொறி சுற்றுவட்டக் காட்டிலும் வயலிலும் தீ வைத்தது. படக்குழுவே ஓடி ஓடி அணைத்தது.

இன்னொரு காட்சியையும் கவனியுங்கள். எஞ்சினின் முன்தடுப்பில் உட்கார்ந்திருக்கிறார், கையில் ஒரு கட்டை. எதிரே தண்டவாளத்தின் மேல் இன்னொரு கட்டை குறுக்கே கிடக்கிறது. கையிலிருப்பதைக் கிடப்பதன் நுனியில் எறிய, அது துள்ளி வெளியே போகிறது. கட்டையின் எடை, எறியும் கோணம், வண்டியின் வேகம் மூன்றும் ஒத்துவர வேண்டும். வராவிட்டால் எஞ்சின் தடம் புரளும். சின்னப் பீரங்கிக் காட்சியில் குண்டு பக்கத்துப் பெட்டியிலேயே வந்து விழ வேண்டும் என்பதற்காக வெடிமருந்தை இடுக்கியால் எண்ணி எண்ணிப் போட்டார்கள்.

1926 ஜூலை 23 அன்று, எரியும் பாலத்தோடு சேர்ந்து ஒரு நிஜ எஞ்சினை ஆற்றில் விழவிட்டார்கள். செலவு 42,000 டாலர். ஊமைப்படக் காலத்திலேயே அதிகச் செலவான ஒற்றைக் காட்சி என்பார்கள். எஞ்சின் அங்கேயே கிடந்தது. இரண்டாம் உலகப் போரில்தான் பழைய இரும்புக்காக அதை எடுத்துப் போனார்கள். நான்கு லட்சம் என்று போட்ட பட்ஜெட் ஏழரை லட்சத்தில் போய் நின்றது. உள்நாட்டு வசூல் அதை ஈடுகட்டவில்லை, விமர்சகர்களும் கைவிட்டார்கள். இன்று அவருடைய படங்களில் முதலில் சொல்லப்படுவது இதுதான்.

அவர் போட்ட ஜோக் எதுவும் எடுபடாமல் போனதுண்டா? (வாசகர், தஞ்சாவூர்)

உண்டு, அதுவும் தண்ணீராகப் பணம் செலவழித்தது. 'தி நேவிகேட்டர்' (1924) படத்தில் கடலடியில் ஒரு நீண்ட காட்சி. முதலில் ஒரு நீச்சல்குளத்தின் சுவரை உயர்த்தி நீரை ஏற்றினார்கள். அந்தக் கனத்தில் குளத்தின் தரை விரிந்துவிட்டது. கடலில் முயன்றால் நீர் கலங்கல். கடைசியில் தாஹோ ஏரிக்குப் போனார்கள். கண்ணாடி மாதிரித் தெளிவு, ஆனால் பனிக்கட்டிக் குளிர். கேமராவும் ஆட்களும் மரப்பெட்டிக்குள் இறங்கினார்கள். பெட்டிக்குள் சூடும் வெளியே குளிரும் இருந்தால் கண்ணாடி வியர்த்துவிடும். அதனால் பெட்டிக்குள்ளும் பனிக்கட்டியை அடுக்கிக் குளிரைச் சமமாக்கினார்கள். கீட்டன் ஒரு தடவைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் கீழே தாக்குப்பிடிக்க முடியவில்லை.

அங்கே எடுத்ததில் ஒன்று: நட்சத்திரமீனைச் சட்டையில் பேட்ஜாகக் குத்திக்கொண்டு, மீன் கூட்டத்துக்குப் போக்குவரத்துக் காவலராக நிற்கிறார். இதற்காக ரப்பர் மீன்கள் மட்டும் 1,200. முன்னோட்டத் துண்டில் காட்டியபோது கொட்டகை குலுங்கியது. முழுப் படத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. காரணம் பிடிபட்டதும் வெட்டி எறிந்தார். கதைப்படி மேலே கப்பலில் நாயகி ஆபத்தில் இருக்கிறாள், இவர் கப்பலைப் பழுதுபார்க்க இறங்கியவர். வேலையை விட்டுவிட்டு மீனோடு விளையாடினால் பார்ப்பவனுக்கு எரிச்சல்தானே வரும்?

இதற்கு நேர்மாறு 'செவன் சான்சஸ்' (1925). படம் வெளியாகும் முன் போட்டுக் காட்டியபோது, அவர் மலைச்சரிவில் ஓடுகையில் கால் இடறி மூன்று கற்கள் தற்செயலாக உருளும் இடத்தில் கூட்டம் சிரித்தது. உடனே திரும்பிப் போய்க் காகிதக்கூழில் 1,500 பாறைகள் செய்து உருட்டினார். பெரியது எட்டு அடிக் குறுக்களவு. நம் ஊர்ப் படங்களில் வெளியான பிறகு வெட்டுகிறார்கள். அவர் வெளியாகும் முன்னால் வெட்டினார், கூட்டினார்.

அடி பட்டதே இல்லையா? (வாசகி, ஈரோடு)

பட்டது. 1921-இல் ஒரு படப்பிடிப்பில் நகரும் படிக்கட்டில் காலணி சிக்கிக் கணுக்கால் முறிந்தது. அந்தப் படத்தையே நிறுத்திவிட்டுப் பிறகு புதிதாக எடுத்தார்கள். 'ஷெர்லாக் ஜூனியர்' (1924) படத்தில் ஓடும் ரயில் மேலிருந்து தண்ணீர்த் தொட்டிக் குழாயின் கயிற்றைப் பிடிப்பார். நினைத்ததைவிட வேகமாக நீர் கொட்டித் தள்ளியதில் பின்கழுத்து தண்டவாளத்தில் மோதியது. எழுந்து ஓடிவிட்டார். தலைவலி மட்டும் சில நாள் இருந்தது. கழுத்தெலும்பு முறிந்து தானாகக் கூடியிருப்பதைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு எக்ஸ்ரேயில்தான் பார்த்தார்கள். அந்த டேக்தான் படத்தில் இருக்கிறது.

பேசும்படம் வந்ததும் குரல் சரியில்லாமல் ஓரங்கட்டப்பட்டார் என்று படித்தேன். (வாசகர், புதுச்சேரி)

தவறு. கரகரப்பான, கதாபாத்திரத்துக்குப் பொருந்திய குரல் அது. அவருடைய முதல் பேசும்படங்கள் நல்ல லாபமும் பார்த்தன. டப்பிங் வராத காலம் என்பதால் அதே படங்களை ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் மறுபடி எடுத்தார்கள். மொழி தெரியாமல் ஒலியை மட்டும் மனப்பாடம் செய்து பேசினார்.

விழுந்தது வேறு இடத்தில். 1928-இல் சொந்தக் குழுவை விட்டுவிட்டு எம்.ஜி.எம். நிறுவனத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். வாரம் 3,000 டாலர். வாழ்க்கையில் செய்த பெரிய தவறு என்று அவரே பிற்பாடு சொன்னார். அதுவரை அவருடைய படங்களுக்குத் தொடக்கமும் முடிவும்தான் பேசி வைப்பார்கள். நடுவில் இருப்பது இடத்துக்குப் போய்ப் பார்த்து, அளந்து, செய்து உருவாக்குவது. புது இடத்தில் ஒவ்வொரு அசைவும் முன்கூட்டியே காகிதத்தில் வர வேண்டும், பல பேர் கையெழுத்திட வேண்டும். சேர்ந்ததும் எடுத்த 'தி கேமராமேன்' மட்டும் பழைய தரம். பிறகு வசனம் பேசும் கோமாளியாக்கிவிட்டார்கள். குடி முற்றியது, 1932-இல் நடாலி டால்மேஜுடனான மணவாழ்க்கை முறிந்தது, 1933-இல் வேலை போனது. பிற்பாடு அதே நிறுவனத்தில் வாரம் 100 டாலருக்கு மற்ற நடிகர்களுக்கு ஜோக் எழுதித் தந்தார்.

1940-இல் எலினார் நாரிஸை மணந்த பிறகு வாழ்க்கை ஒரு நிலைக்கு வந்தது. 1949-இல் 'லைஃப்' இதழில் விமர்சகர் ஜேம்ஸ் ஏஜி எழுதிய கட்டுரை அவரை மறுபடி நினைவூட்டியது. அவருடைய பழைய மாளிகையை வாங்கியிருந்த நடிகர் ஜேம்ஸ் மேசன் 1950களில் அங்கே கிடந்த படப்பிரதிகளைக் கண்டெடுத்தார். 1960-இல் கௌரவ ஆஸ்கர். 1964-இல், எழுபது வயதை நெருங்கும்போது, அடுத்த ஆண்டு வந்த 'தி ரெயில்ராடர்' குறும்படத்துக்காகச் சின்ன ரயில் தள்ளுவண்டியில் கனடாவைக் குறுக்கே கடந்தார். 1966 பிப்ரவரி 1 அன்று நுரையீரல் புற்றுநோயில் இறந்தார்.

சாப்ளினா, கீட்டனா? (கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

அழ வேண்டுமானால் சாப்ளின். 'எப்படிடா செய்தான்' என்று வாயைப் பிளக்க வேண்டுமானால் கீட்டன். சாப்ளினுக்கு முகம் போதும். கீட்டனுக்கு ஆளும் வீடும் ரயிலும் ஒரே சட்டத்தில் தெரிய வேண்டும், நடுவில் வெட்டு விழக் கூடாது. 1952-இல் சாப்ளினின் 'லைம்லைட்' படத்தில் இருவரும் ஒன்றாக வருகிறார்கள்.

பள்ளி ஆண்டு விழாவில் ஒரு பையனுக்கு கீட்டன் வேடம். அந்தத் தட்டைத் தொப்பியை எப்படிச் செய்வது? (ஆசிரியை, திண்டுக்கல்)

அவர் கடையில் வாங்கியதில்லை, தானே செய்துகொண்டார். செய்முறையையும் சொல்லிவைத்திருக்கிறார். சுற்றிலும் விளிம்புள்ள சாதாரண ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) தொப்பி ஒன்றை எடுத்து, மேல் குவியலை வெட்டித் தாழ்த்தித் தட்டையாக்குங்கள். ஒரு டீ கப் வெதுவெதுப்பான நீரில் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் குவித்துப் போட்டுக் கரையுங்கள். விளிம்பின் மேலும் கீழும் அந்தச் சர்க்கரைத் தண்ணீரைத் தடவி, சுத்தமான வழவழப்பான பலகை மேல் வைத்து இழுத்துச் சமன்படுத்திக் காயவிடுங்கள். விறைத்து அட்டை போல நிற்கும். நனைந்தால் சர்க்கரை கரைந்து விளிம்பு தொங்கிவிடும், அதனால் மாற்றுத் தொப்பி ஒன்று கைவசம் இருக்கட்டும். திண்டுக்கல் எறும்புகளை மனதில் வைத்து முந்தின இரவு டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள்.

எந்தப் படத்தில் தொடங்குவது? ஆங்கிலம் அவ்வளவாக வராது. (குடும்பத்தலைவி, சேலம்)

ஆங்கிலம் தேவையே இல்லை. அந்தக் காலத்தில் ஒரு படத்துக்குச் வசனமும் விளக்கமும் காட்டும் எழுத்து அட்டைகள் சராசரி 240 வரும், நான் அதிகபட்சம் போட்டது 56 என்பது கீட்டன் சொன்ன கணக்கு. முதலில் 'ஒன் வீக்', இருபது நிமிடச் சொச்சம், புதுமணத் தம்பதி பார்சலில் வந்த வீட்டைத் தப்பும் தவறுமாகக் கட்டும் கதை. அடுத்து 45 நிமிட 'ஷெர்லாக் ஜூனியர்'. பிறகு 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்'. 'தி ஜெனரல்' படத்தை நான்காவதாக வையுங்கள், அது கொஞ்சம் நிதானமாகச் சூடேறும்.

1928 வரையிலான அவருடைய ஊமைப்படங்கள் அமெரிக்காவில் பதிப்புரிமைக் காலம் முடிந்தவை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் கண்ட பிரதியைத் திறக்காதீர்கள். கையால் சுழற்றி எடுத்த பல படங்களை வினாடிக்கு 24 சட்டம் என்று ஓட்டினால் ஆட்கள் பொம்மை போலத் துள்ளுவார்கள். துரத்தல் காட்சியில் அந்த வேகம் வேண்டுமென்றே வைத்தது, நடந்து போகும்போதும் துள்ளினால் பிரதி சரியில்லை. சீரமைத்த பதிப்பு என்று குறிப்பிட்டிருப்பதைத் தேடுங்கள். சம்பந்தமில்லாத பியானோவைச் சுழல விட்டிருந்தால் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பதே மேல்.

டூப் போட்டதே இல்லையா? (அதே ஓசூர் மாணவர்)

'காலேஜ்' (1927) படத்தில் கம்பு ஊன்றித் தாண்டி ஜன்னலுக்குள் பாய்வது மட்டும் அவர் இல்லை. 1924 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற லீ பார்ன்ஸ். மற்றபடி இவர்தான் அடுத்தவர்களுக்கு டூப் போட்டார். 'ஷெர்லாக் ஜூனியர்' படத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டி வந்து குழியில் தடுக்கிக் கீழே விழும் ஆளைக் கவனியுங்கள். அடுத்த ஷாட்டில் கைப்பிடி மேல் தனியாக உட்கார்ந்து போகிறவரும் கீட்டன், முந்தின ஷாட்டில் வேறு நடிகரின் உடையில் விழுந்தவரும் கீட்டன்.